வாயில் ஒரு பேனா மூடி

என் தங்கைக்கு வீட்டில் ‘அவசரம்’ என்று பெயர். நடக்கப் பழகும் முன்பே ஓடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டவள். டாக்டர் ஆன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பொது மருத்துவ மேற்படிப்பின் செய்முறைத் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டாள். பாடம் தெரியாமல் அல்ல. நோயாளி வாயைத் திறப்பதற்குள் நோயின் பெயரைச் சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் வினை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் மேற்படிப்பு அம்பேல்.

இரண்டாவது தோல்வி அன்று, என் சலவைக் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு, அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “அடுத்த தடவை பாஸ் பண்றேன்க்கா. நீ வேணா பாரு” என்றாள்.

கல்லூரியில் அப்போதுதான் செயற்கை நுண்ணறிவு நோயாளி வந்திருந்தது. போனுக்குள் இருந்துகொண்டு நோயாளி போலவே பேசும், கடைசியில் மதிப்பெண்ணும் போடும். மாலையில் அவள் சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்து அதை விசாரிப்பாள். நான் பக்கத்தில் துணி மடிப்பேன். “எனக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல், இடது பக்கம் வலி, இரவில் வியர்வை” என்று அது கடகடவென ஒப்பிக்கும். இவள் உடனே பெயரைச் சொல்வாள். நூற்றுக்கு நூறு.

“இது நோயாளியா, நோட்ஸா?” என்றேன். “எந்த மனுஷன்டி இப்படி வரிசையாச் சொல்வான்? இது உன் அவசரத்துக்கு ஜால்ரா போடுது.”

“அப்ப நோயாளி எப்படித்தான் பேசுவானாம்?”

“பேசவே மாட்டான். நான் என்னிக்காவது உன்கிட்ட எதையாவது சொல்லியிருக்கேனா?”

என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினாள்: “நீ என் அக்கா மாதிரி இருக்கணும். எதைக் கேட்டாலும் ‘எனக்கென்ன கேடு’ன்னு சொல்லணும். பேச்சை மாத்தணும். படி ஏறும்போது பாதியில நின்னு கீழ்வீட்டுக்காரரைத் திட்டணும். நான் குறுக்க பேசினா உண்மையைச் சொல்லவே கூடாது.”

படி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. சட்டைக் காலரை நீவுவதில் மும்முரமாகிவிட்டேன்.

அந்த எந்திர அக்கா என்னைவிட மோசம். “எங்க வலிக்குது?” என்றால், “முதல்ல மோட்டாரை நிறுத்தினியா, அதைச் சொல்லு” என்பாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனையே துணியோடு துணியாக ஊறப் போட்டிருப்பேன். தங்கைக்கோ முட்டை மேல் முட்டை. அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொன்னால் தப்பாகும். குறுக்கே பேசினால் எந்திரம் வாயை இறுக மூடிக்கொள்ளும்.

அவள் விடவில்லை. அடம் என்றால் அப்படி ஓர் அடம். கேள்வி கேட்டதும் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். மூடி வாயில் இருக்கும்வரை பேசக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம். நெற்றி நரம்பு புடைக்கும். எந்திரம் மோட்டார், மாமியார், எலித் தொல்லை என்று ஊர்க்கதையெல்லாம் பேசி ஓய்ந்து, “ஆமா, படுத்தா மூச்சு வாங்குது” என்று ஒரு வார்த்தை விடும். தேர்வு நெருங்கும்போது வீட்டில் உருப்படியான மூடியோடு ஒரு பேனா கிடையாது.

தேர்வில் அவளுக்கு வந்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். வயிற்று வலி என்று படுத்திருந்தவர், தன் அடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். தேர்வாளர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, மலம் கறுப்பாகப் போகிறது என்றும், பயத்தில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அறிகுறியாம் அது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே விசாரித்திருக்கிறாள்.

பாஸ். முடிவு வந்த மாலை, நான் துணி மூட்டையோடு மூன்றாவது மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஏறி வந்து மூட்டையை இறக்கியதும், பின்னாலேயே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். சட்டென்று கையை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா, இப்பப் படியில நின்னு யாரைத் திட்டின?”

“கீழ்வீட்டுக்காரரைத்தான். சைக்கிளைக் குறுக்கே விட்டுட்டு...”

“அவங்க வீடு ஒரு வாரமாப் பூட்டிக் கிடக்கு.”

“எனக்கென்ன கேடு? போய் மோட்டாரை நிறுத்து.”

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிப் பல்லில் வைத்துக்கொண்டாள்.

நான் மோட்டாரைப் பற்றிப் பேசினேன். கடையைப் பற்றி, சாயம் போன ஒரு சேலையைப் பற்றிப் பேசினேன். அவள் அசையவில்லை. பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது, “நெஞ்சு அடைக்குதுடி” என்றேன். “படி ஏறினாத்தான். கொஞ்சம் நின்னா சரியாயிடும். உன் பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்.”

மூடியை எடுத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. நோயின் பெயர் எதையும் சொல்லவில்லை.

“செருப்பைப் போடுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் எனக்காக நின்றாள்.