அண்ணாச்சியின் முழுப்பெயர்

வாஜித் எனக்குப் பிள்ளை முறை. என் சின்னம்மா ஜமீலுன்னிசாவுக்கு அன்வர் பாஷா ஒரே மகன். அவனுடைய இளைய மகன் இவன். தி. நகரில் ஜவஹர் அண்ணாச்சியின் துணிக்கடையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். அந்த வேலை நிலைத்தால்தான் மகள் மஹ்விஷைத் தருவேன் என்று வடபழனி மெஹபூப் அலி சொல்லியிருந்தார்.

கடையில் ஒரு சர்வர் உண்டு. பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு ஆளை உள்ளே விடுவது அதன் வேலை. யாராவது அளவுக்கு மீறி நீளமான பெயரைக் கொடுத்தால், முடியாது என்று சொல்லத் தெரியாமல் மயங்கி விழுந்துவிடும். விழுந்தால் திருடனும் நுழைய முடியாது, பில் போடும் கீர்த்தியும் நுழைய முடியாது. அவ்வளவு பலத்த காவல்.

"அப்டேட் வந்துகீது அண்ணாச்சி. போடலன்னா கடைக்கு ஆபத்து. அரை மணி நிறுத்தணும்" என்று வாஜித் பல தடவை கேட்டான்.

"தள்ளுபடி முடியட்டும்."

அந்தக் கடையில் தள்ளுபடி எப்போது முடிந்திருக்கிறது?

ஆடி ஞாயிற்றுக்கிழமை, வருகிறவர்களுக்கு இலவச வைஃபை தொடங்கினார்கள். அதற்கும் பெயர் கேட்பது அதே சர்வர்தான். புதுக்கணக்கு எழுதுவதைப் போல அண்ணாச்சியே முதல் பெயரைப் போட்டார். முருகன் துணை, ஊர், பாட்டனார், தகப்பனார், தாயார் தங்கபுஷ்பம், பிறகு தாம், பிறகு கடை. அமுக்கினார். எல்லா மாடியிலும் பில் நின்றது.

"எவனோ கடைக்கு வேட்டு வைக்கான். ஆளப் பிடிக்கலன்னா நாளைக்கு நீ வராத" என்றார்.

வாஜித் சர்வரை எழுப்பினான். முதல் பெயர் பதியாதது அபசகுனம் என்று அண்ணாச்சி ஒரு எழுத்துக்கூட விடாமல் மறுபடியும் போட்டார். மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை வாஜித் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயத் தொறக்காத வாஜித்து. அப்புறம் வூட்டுக்குப் போய்க்கினே இருக்க வேண்டியதுதான்" என்று கீர்த்தி முணுமுணுத்தாள்.

அவன் திறந்துவிட்டான். "வெளியாள் இல்ல அண்ணாச்சி. உங்க பேருதான். நீளமா கீது, சர்வர் தாங்கல. இனிஷியல் மட்டும் போடுங்களேன்."

"எங்கப்பா பேரத் தாங்காத பெட்டி என் கடையில எதுக்குலே?"

"அப்டேட் போட்டா விழாது."

"போடு. கடைய நிறுத்து."

கடைக்கு ஆபத்து என்றபோது அசையாதவர், தகப்பனார் பெயருக்காக ஆடிக் கூட்டத்தைத் தெருவில் நிற்க வைத்தார்.

வேலை முடிந்ததும் மறுபடி முழுசாகப் போட்டார். பெயர் நீளம், குறைக்கவும் என்று திரையில் வந்தது.

"இப்பவும் முடியாதுன்னுதானே சொல்லுது?"

"ஆமா அண்ணாச்சி. ஆனா நின்னுக்கினு சொல்லுது."

கீழே பில் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. "நாளைக்குச் சீக்கிரம் வா" என்று அண்ணாச்சி வாஜித்திடம் சொல்லிவிட்டு, முருகனையும் தகப்பனாரையும் திரையில் அப்படியே வைத்துக்கொண்டு, தம் பெயரை அழித்தார்.