வயலின் இருக்கிற பக்கம்

உனக்குப் பிடித்த பாட்டு ஆல்பங்களை வரிசையாகச் சொல்லு என்று மகள் கேட்டாள். திணறிப்போனேன். பிடித்தவை இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றிலும் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன், அதுதான் சங்கடம்.

முதல் கேசட், எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருஷம் வீட்டுக்கு வந்தது. ஒரு பக்கம் ஒரு படம், மறு பக்கம் வேறு படம். இரண்டும் ஒரே படத்துப் பாட்டு என்றே நினைத்திருந்தேன். போடி தியேட்டரில் அந்தப் படத்தைப் போட்டபோது, மறு பக்கத்துப் பாட்டு எப்போது வரும் என்று கடைசிவரை காத்திருந்தேன். வணக்கம் போட்டுவிட்டார்கள். ரீலை வெட்டிவிட்டார்களோ, யாரிடம் கேட்பது என்று வீடு வரும்வரை அதே கவலை.

இரண்டாவது, கல்யாணமான புதிதில் மலைமேல் ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்த்தபோது. சூப்பர்வைசர் வீட்டில் ஒரு மலையாளக் கேசட் ஓயாமல் ஓடும். அர்த்தம் தெரியாது. ஆனால் அதில் ஒரு பாட்டுக்கு மட்டும் எனக்குக் கண் கலங்கிவிடும். பிரிந்துபோன யாரையோ நினைத்துப் பாடுகிறார்கள் என்று நானாக முடிவு செய்திருந்தேன். ஒருநாள் அந்த வீட்டுச் சேச்சி சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். கல்யாண விருந்தில் மீன்குழம்பு பத்தாமல் போன கதையாம் அது. அதற்குப் பிறகும் கண் கலங்கத்தான் செய்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

இப்போது போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறேன். பச்சை, வெளுத்தது, வெடித்தது என்று பிரித்துப் போடுகிற வேலை. நீளமான தகரக் கொட்டகை. இரண்டு கோடியிலும் சுவரில் ஒவ்வொரு ஸ்பீக்கர். நடுவில் காய் சலிக்கிற மெஷின் இரையும். உள் கோடியில் நான் உட்காருவேன். வாசல் கோடியில் என் சேக்காளி. மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு பழைய படத்துப் பாட்டெல்லாம் வரிசையாக ஓடும். மூன்றாவது பாட்டில், பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில், ஒரு வயலின் தனியாக எழுந்து போகும். அதற்காகவே அந்த ஆல்பம் எனக்கு உயிர்.

அக்காவுக்கும் அதே பாட்டுத்தான் உயிர், ஆனால் புல்லாங்குழலுக்காக. அதில் ஏது புல்லாங்குழல் என்று நானும், அதில் ஏது வயலின் என்று அவளும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

“காதுல காய்த்தூசி அடைஞ்சிருச்சாடி ஒனக்கு? போய்க் கழுவிட்டு வா” என்பாள்.

இந்த மழைக்கு என் தலைக்கு மேலே தகரம் ஒழுகியது. மேற்பார்வை பார்க்கிற அண்ணன் என்னை அக்கா பக்கத்தில் போய் உட்காரச் சொன்னார். அன்று மதியம் மூன்றாவது பாட்டு வந்தது. வயலின் வரவில்லை. அதன் இடத்தில் மெல்லிசாக ஓர் ஊதல் மட்டும் கேட்டது.

காதில் விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன். அம்மாவுக்கு என் வயதில்தான் காது போனது. முதலில் காதுக்குள் யாரோ ஊதுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு ஒவ்வொரு சத்தமாகப் போனது. கடைசியில் நாங்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமல். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பயந்தேன். அந்த ஊதல் அக்காவின் புல்லாங்குழலாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மறுநாளும் அப்படியே. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் உண்மையைச் சொல்லிவிடுவாரே என்று அங்கும் போகவில்லை. ஓர் ஏலக்காயைக் காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே இருக்கிற விதை, நாங்கள் அரிசி என்போம், உருளுகிறதா என்று பார்த்தேன். உருண்டது. நிஜமாகக் கேட்டதா, கேட்கும் என்று நினைத்ததால் கேட்டதா? வீட்டுக்காரர் பேசும்போது வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றேன். என்ன கோபம் என்று கேட்டார். அது காதில் விழுந்தது.

தகரத்தை மாற்றிய அன்றைக்கு வாசலில் சாரல் அடித்தது. அக்கா ஒதுங்கிப் போய் என் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நான் வாசல் பக்கமே இருந்துவிட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் முறத்தைக்கூட வைக்காமல் என்னிடம் வந்தாள். முகமே சரியில்லை.

“ஏடி, எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. புல்லாங்குழலக் காணோம். நீ சொல்ற வயலினுதான் கேக்குது.”

நான் மெதுவாக என் கதையைச் சொன்னேன்.

“அப்ப என் காது ஒனக்கும் ஒன் காது எனக்கும் மாறிப்போச்சாக்கும்?” என்றாள்.

மேற்பார்வை அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். பாட்டைப் பதியும்போதே சில வாத்தியம் இந்தப் பெட்டியில், சில வாத்தியம் அந்தப் பெட்டியில் வருகிற மாதிரி பிரித்து வைப்பார்களாம். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பப் போடச் சொல்லி இரண்டு பேரும் கோடிக்குக் கோடி நடந்து பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். அக்கா உடனே சமாதானமாகிவிட்டாள். நான் இன்னொரு தடவை நடந்தேன்.

காது போகவில்லை. அந்த ஆறுதலில் அன்றைக்கு இரண்டு வாய் சோறு கூடவே இறங்கியது. அதற்கப்புறம் வேறொரு குழப்பம். மகளின் இயர்போனை வாங்கி இரண்டு காதிலும் வைத்துக் கேட்டேன். வயலின் ஏதோ கேட்கிறது, புல்லாங்குழல் பதில் சொல்கிறது. தனியாக எழுந்து போகிறது என்று நான் உருகிய வயலின் தனியாகவே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் பாட்டு மாதிரி இல்லை. அப்படியானால் இத்தனை வருஷம் எனக்குப் பிடித்திருந்தது எது? மகளின் வரிசையில் எதை எழுதச் சொல்வது?

மறுநாள் குடோனில், பழைய இடத்துக்கே போகலாம் என்றார் அண்ணன். நான் முறத்தோடு நின்றேன்.

“எங்கிட்டாவது வெரசா உக்காருடி. பாட்டப் போட்டுட்டாக” என்றாள் அக்கா.

வாசல் கோடியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மூன்றாவது பாட்டில் புல்லாங்குழல் வந்ததும் அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நல்லாயிருக்கா என்று கேட்கிறாளா, ஜெயித்துவிட்டதைச் சொல்கிறாளா, புரியவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.