ஏலாது என்றால் வேண்டாம் அல்ல

இணையத்தில் பொருள் விற்கும் ஒரு கொழும்புக் கடையின் தமிழ்ப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் சின்ன மகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். எங்கள் பிரிவு வேலைசெய்யும் கந்தோர் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் போகும் வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நாலு கதிரை, நாலு கணினி, அடிக்கடி நின்றுபோகும் ஒரு ஏசி. அது நின்ற நாட்களில் யன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும், லொறிச் சத்தமும் சேர்ந்து வரும். நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் யாராவது தமிழில் கூப்பிட்டால் அந்த அழைப்பு எங்களுக்குத்தான்.

பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றுதான்: சாமான் எங்கே நிற்கிறது? அதற்குப் பதில் சொல்வது சுலபம். கையில் கிடைக்காமலே கொழும்புக் களஞ்சியத்துக்குத் திரும்பிப்போன பொதிகள்தான் எங்களுக்குத் தலையிடி. பொதி ஏன் திரும்பியது என்று கணினியில் ஒரு காரணம் பதிவாகியிருக்கும். வீட்டில் ஆளில்லை, முகவரி பிழை என்று இருந்தால் கட்டிய காசு முழுதும் வங்கிக்குத் திரும்பும். "வாங்க மறுத்தார்" என்று இருந்தால் கதை வேறு. போகவர ஏற்றிய கூலியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காசாகக் கொடுக்கமாட்டார்கள், அதே கடையில் வேறு பொருள் வாங்குவதற்கு ஒரு வவுச்சராக அனுப்புவார்கள். இந்த விதியை மனப்பாடமாக ஒப்புவிக்கப் பழகியிருந்தேன்.

ஒருநாள் காலையில் வெருகலில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

"தங்கச்சி, எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. மகன் வாசிச்சுப்போட்டு, அம்மா நீங்கள் சாமானை வேண்டாமெண்டு திருப்பி அனுப்பிப் போட்டியளாம் எண்டு சொல்லுறான். நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

பார்த்தேன். அவர் வாங்கியது முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கும் மின்சாரப் பெட்டி. காசை முன்கூட்டியே வங்கியில் கட்டியிருந்தார். பொதி களஞ்சியத்துக்குத் திரும்பியிருந்தது. காரணம்: வாங்க மறுத்தார்.

விதியைச் சொன்னேன். அவர் அதை முழுதாகக் கேட்டு முடித்தார். பிறகு கேட்டார்:

"அந்த மிசினில முட்டை வைச்சாக் குஞ்சு பொரிக்கும். உங்கட வவுச்சரில வைச்சாப் பொரிக்குமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே பதிலை எதிர்பார்த்தார்.

"பொதி கொண்டுவந்தவர் உங்களோட கதைச்சவரோ, அக்கா?"

"ஓம், கோல் எடுத்தவர். பெரிய றோட்டில நிக்கிறன், வந்து எடுங்கோ எண்டார். நான் வயலுக்குள்ள நிண்டனான். இப்ப ஏலாது, பின்னேரம் வந்து எடுக்கிறன் எண்டு சொன்னனான். பின்னேரம் போய்ப் பொழுதுபடும் மட்டும் சந்தியில நிண்டனான். ஒருத்தரும் வரேல்லை."

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குள் மூத்தவர், கட்டாரில் இதே வேலையைப் பல காலம் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்.

"கொழும்பில ஒருக்கா மறுத்தது எண்டு போட்டா மாத்தமாட்டாங்க. நானும் கேட்டுப் பாத்த ஆள்தான். உங்கட ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், வீணாப் போய் அவங்களோட கொழுவிக்கொள்ளாதீங்க" என்றார்.

அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பெண் சந்தியில் நின்றதை நினைக்க எனக்கு வேலை ஓடவில்லை. திரும்பி வரும் பொதிகளுக்குப் பொறுப்பான கொழும்பு அதிகாரிக்கு எழுதினேன். மத்தியானத்துக்குள் பதில் வந்தது: விநியோகித்தவரின் குறிப்பு தெளிவாக இருக்கிறது, முறைப்பாடு மூடப்பட்டது.

அந்தக் குறிப்பு எங்கள் திரையில் தெரியாது. ஆனால் விநியோகித்தவரின் தொலைபேசி எண் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அதற்கு அடித்தேன். மூதூரைச் சேர்ந்தவர், முன்பு லொறி ஓட்டியவர். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கதைத்தார்.

"வெருகலில ஒரு பெரிய பெட்டி. ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு அக்கா. அவங்க வயலுக்க நிண்டாங்க. பின்னேரம் வாறன் எண்டாங்க. பின்னேரம் எனக்கு அந்தப் பக்கம் ஓட்டம் இல்ல. நாளைக்குக் குடுக்கலாம் எண்டு குறிப்பு மட்டும் போட்டுட்டு வந்தன்."

"மறுத்தவ எண்டு போட்டனீங்களோ?"

"இல்லவே இல்ல. 'ஏலாது' எண்டு போட்டன். ஆப்பில தமிழ் அடிக்க வராது, அதனால இங்கிலீஸ் எழுத்தில அடிச்சன். விடிய வந்து பாத்தா, பெட்டியக் கொழும்புக்கு ஏத்தச் சொல்லி இருக்கு. நானும் என்ன இது எண்டுதான் யோசிச்சன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் முடியாது என்பதற்கு ஏலாது என்றுதான் சொல்வோம், அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. கொழும்பில் யாரோ அதை ஒரு மறுப்பாக எடுத்திருக்கிறார்கள்.

"இதைக் கொழும்புக்காரரிட்டச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் நின்ற வீதியில் ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது.

"எனக்கு மூணு புள்ளைகள் இருக்கு அக்கா. வேலைக்கு ஒண்டும் வராதே?"

"பிழை உங்களில இல்லை. அதையும் நான் சொல்லுவன்."

"அப்ப சரி. கேட்டாச் சொல்லுறன். நடந்ததத்தானே சொல்லப்போறன்."

எங்களுக்குக் கொழும்போடு வாராந்தக் கூட்டம் ஒன்று திரை வழியாக நடக்கும். அந்த வாரம், கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டபோது கையைத் தூக்கினேன். அந்த அதிகாரியை அதுவரை மின்னஞ்சல் வழியாக மட்டுமே அறிவேன். சிங்களப் பெண்மணி, என்னைவிடக் கொஞ்சம் வயது கூட, கண்டிப்பானவர் என்று எல்லோரும் சொல்வார்கள். என் சிங்களம் சந்தையில் பழகியது. ஆங்கிலத்தையும் கலந்து ஒருவாறு விசயத்தைச் சொல்லி முடித்தேன்.

அவர் குறிப்பைத் திறந்து வாசித்தார். "ஏலாது. இதற்கு வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்."

நான் என்னென்ன சொல்லவேண்டும் என்று முதல்நாளே எழுதி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அதொன்றும் வாயில் வரவில்லை. வந்தது வேறொன்று.

"மிஸ், நீங்கள் சிங்களத்தில் 'பே' என்றும் சொல்கிறீர்கள், 'எபா' என்றும் சொல்கிறீர்கள். எங்களுடைய ஏலாது உங்களுடைய 'பே'. வேண்டாம்தான் 'எபா'. அந்த அம்மா சொன்னது 'இப்போது பே'. 'எபா' என்று சொல்லவே இல்லை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பே... எபா..." என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மூதூர்க்காரரைத் தொலைபேசியில் எடுக்கச் சொன்னார். அவர் என்னைவிட நல்ல சிங்களத்தில், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், வயலையும் சந்தியையும் சொல்லி முடித்தார்.

"அப்படியென்றால் நாங்கள்தான் பிழையாக வாசித்திருக்கிறோம்" என்றார் அதிகாரி. சுற்றிவளைக்காமல் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்து அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "இதே சொல்லோடு வேறு எத்தனை பொதிகள் திரும்பி வந்திருக்கின்றன?"

தேடினார்கள். நிறைய இருந்தன. திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், வவுனியா என்று எங்கள் சனம் இருக்கும் ஊர்களெல்லாம் அதில் வந்தன. எல்லோருக்கும் வவுச்சருக்குப் பதிலாக முழுக்காசையும் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. விநியோகிப்பவர்களின் ஆப்பில், வாங்குபவர் வேறு நேரம் கேட்டார் என்று ஒரு புதுக் காரணமும், தமிழில் குறிப்பு எழுதும் வசதியும் அடுத்த மாதத்துக்குள் வந்துவிட்டன. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

அதற்கெல்லாம் முன்பு, முடிவான மறுநாள் காலையிலேயே பட்டியலில் இருந்தவர்களைக் கூப்பிடத் தொடங்கினோம். முதல் அழைப்பை வெருகலுக்கு எடுத்தேன்.

"அக்கா, உங்கட காசு முழுக்கத் திரும்பி வருது."

"முழுக்க எண்டா? ஏத்துக்கூலி கழிக்கிறேல்லையோ?"

"ஒரு சதமும் கழிக்கேல்லை."

"பொறுங்கோ, போனைப் பெரிசாப் போடுறன். இவர் நான் சொன்னா நம்பமாட்டார். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

திரும்பவும் சொன்னேன். பின்னால் ஒரு ஆணின் குரல், "உண்மையோ பிள்ளை?" என்றது. ஓம் ஐயா என்றேன். பிறகு மகனும் சேர்ந்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைத்ததில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அது நல்ல சத்தமாக இருந்தது.

மற்றவர்களுக்குச் சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. காசு கேட்டு வரும் கள்ள அழைப்புகளுக்குச் சனம் பழகியிருந்தது. காசு தருகிறோம் என்று வரும் அழைப்பு அவர்களுக்கு அதைவிடப் பயமாக இருந்தது. மட்டக்களப்பு ஐயா ஒருவர், "ஓடிபி தரமாட்டன், உங்களால ஏலுமானதைச் செய்யுங்கோ" என்று வைத்துவிட்டார். எங்களுக்கு ஓடிபி தேவையே இல்லை. பாலையூற்றில் இருந்து ஓர் ஆசிரியை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். வாசலில் நின்றபடி எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உண்மையான ஆக்கள்தானோ எண்டு பார்க்க வந்தனான்" என்றார்.

கதிரை கொடுத்து, அவருடைய பெயருக்கு எதிரே இருந்த பதிவைத் திரையில் காட்டினோம். மூச்சு வாங்க இருந்து வாசித்தார். போகும்போது நால்வருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார்.

கிண்ணியாவில் இருந்த ஒரு கடைக்காரர் மட்டும் காசை ஏற்க மறுத்தார். "இல்ல மகள், நான் வேண்டாம் எண்டுதான் சொன்னன். பெட்டியப் பாத்த உடனே என்ட கடைக்குப் பெரிசு எண்டு விளங்கிட்டு. எழுதினவர்தான் மாத்தி எழுதியிருப்பார். அந்தக் காசு எனக்கு வரக்கூடாது" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் கொழும்பு அதிகாரிக்கு எழுதிக் கேட்டேன். இப்படி ஒரு மனிதருக்கு வவுச்சரையாவது காலக்கெடு இல்லாமல் கொடுங்கள் என்று பதில் வந்தது. அதற்கு அவர் சம்மதித்தார்.

அன்று பின்னேரம் பட்டியலில் ஒரு பெயரும் மிச்சமில்லை. தொண்டை கட்டி எல்லோருடைய குரலும் ஒரு மாதிரியாகியிருந்தது. பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பிக் கீழே போனார். திரும்பி வந்தபோது கையில் சுடச்சுட ரோல்ஸ் நிறைந்த ஒரு பை. முதலாவதை என் மேசையில் ஒரு கடதாசி விரித்து வைத்தார்.

"நான் கேட்டதோட விட்டுட்டன். நீங்க விடல்ல" என்றார்.

நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தேன். அன்று இந்த ஊரில் என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. அதை மறைக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. ரோல்ஸைப் பாதி கடித்திருந்தபோது தொலைபேசி அடித்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எடுத்தேன்.

"வணக்கம். சொல்லுங்கோ."