தலைக்கு இவ்வளவு, அறுத்தால் இவ்வளவு

ஓசூரில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு டாக்டர் இருந்தார். தொழிலாளி தலைக்கு மாதம் இவ்வளவு என்று கம்பெனி அவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிடும். நோயாளி வந்தாலும் அதே பணம், வராவிட்டாலும் அதே பணம். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினால் அந்தச் செலவை அவர் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். யூனியன்காரர்கள் பேசித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் லைன் வீடுகளில் அவர் கையால் சீட்டு வாங்கியவர் ஒருவரும் இல்லை.

பெண்கள் நேரில் வர வேண்டாம், வீட்டுக்காரர் வந்து சொன்னால் போதும் என்று வைத்திருந்தார். அதை மரியாதை என்று நினைத்தோம். எனக்கு அது ரொம்பவும் சௌகரியம். அந்நிய ஆள் முன்னால் எனக்கு வாய் வராது.

அப்போது வலது இடுப்பில் ஆரம்பித்து அடிவயிறு வரை ஒரு வலி இழுக்கும். ஒன்றுக்குப் போனால் எரியும். கூச்சத்தில் வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. வயிற்று வலி என்றேன். அவரும் ஷிப்ட் முடிந்து போய் வயிற்று வலி என்றார். டாக்டர் தலை நிமிராமல் வெள்ளை மாத்திரை கொடுத்தனுப்பினார். ஒன்றரை வருஷம் அதை விழுங்கினேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்காதான் திட்டினாள்.

"ஒன்னப் பாக்காமயே ஒன் வவுத்துக்கு மாத்திர குடுக்கறான். அவன் என்னாடி, ஜோசியனா?"

அப்படியும் நான் போகவில்லை.

பிறகு யூனியன் சண்டை போட்டு அந்த டாக்டரை விலக்கியது. இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், பில் கொண்டுவந்தால் கம்பெனி கொடுத்துவிடும் என்றார்கள். லைன் முழுக்க லட்டு கொடுத்தார்கள்.

பெங்களூர் ரோட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கம்பெனி என்றுதான் கேட்டார்கள். உடனே படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை; வீட்டுக்காரரின் கம்பெனி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கர்ப்பப்பை கெட்டுப்போயிருக்கிறது, எடுக்க வேண்டும் என்றார்.

எனக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. இன்னொன்றுக்குத்தான் காத்திருந்தேன். அதை எப்படியோ வாய் திறந்து சொல்லிவிட்டேன்.

"இன்னொரு கொழந்த வேணும்ங்க."

டாக்டரம்மா வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க வீட்டம்மாவுக்கு உயிர் வேணுமா, கொழந்த வேணுமா, கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்காரர் என்னைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷம் எங்கள் லைனில் இன்னும் மூன்று பேருக்கு எடுத்தார்கள். எல்லாம் அதே நர்சிங் ஹோம். பை இருக்கிற பொம்பளையை இனி விளக்கு வைத்துத்தான் தேடணும் என்று அக்கா சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆறு மாதம் ஆகவில்லை. அதே இடுப்பு, அதே வலி. அப்போது மத்தூரில் அம்மா வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரர் வந்து கிருஷ்ணகிரி சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மதியம் வரை தரையில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்த டாக்டர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். மாதச் சம்பளக்காரர். என்னை அறுப்பதால் அவருக்கு வரவும் இல்லை, அறுக்காததால் நஷ்டமும் இல்லை. இடுப்பில் தட்டிப் பார்த்தார். எரியுதா என்று கேட்டார். தலையாட்டினேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் கல், ரொம்ப நாளாக இருக்கிறது என்றார்.

அப்புறம் என் வயிற்றுத் தழும்பைக் காட்டி, "இத எதுக்கும்மா எடுத்தாங்க?" என்றார்.

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு டாக்டருக்கு நானாகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

"பில்லு கம்பெனி குடுக்குதுங்க. அதுக்குத்தான்."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.