கடை ஆணியில் தொங்கிய சாவி

போன வாரம் பேரூராட்சியிலிருந்து ஓவர்சியர் எங்கள் மளிகைக் கடைக்கு வந்திருந்தார். பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். அரிசி மூட்டையின் மேல் வரைபடத்தை விரித்துக் காட்டினார். வாலிபால் ஆடும் இடத்துக்குப் புதுத் தரை, சுற்றிலும் கம்பிவலை, பார்க்க வருகிறவர்கள் உட்காரப் படிகள், மூலையில் பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிளம்பும்போது, "கட்டி முடிச்சுட்டா திறப்பு விழா வரைக்கும் சாவி உங்க கடையில இருக்கட்டுமுங்க அக்கா. உங்க அப்பா இருந்தப்பவும் அப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்றார்.

மரியாதையாகத்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒரு சாவியை வாங்கி ஆணியில் மாட்டுவதற்கு இவ்வளவு யோசனையா என்று அவர் நினைத்திருப்பார்.

அந்த ஆணி இன்னும் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால், அப்பா காலத்தில் பீடிக்கட்டுகள் அடுக்கியிருந்த பலகைக்கு மேலே.

நான் பிளஸ் ஒன் படித்தபோது நடந்தது இது. எங்கள் ஊரில் சமதரை என்று ஒன்று இருந்தால் அது பூங்காவில்தான். மற்ற இடமெல்லாம் சரிவு. எங்கள் ஊரில் பந்து கை தவறினால் அடுத்த ஊரில் போய்த்தான் பொறுக்க வேண்டும் என்று குன்னூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு மைதானம் கிடையாது. அதனால் சாயங்காலம் பெண்கள் வாலிபால் குழு பூங்காவுக்கு இறங்கி வருவோம். இரண்டு யூகலிப்டஸ் கம்பம், கிழிந்து முடிச்சுப் போட்ட வலை, மழை பெய்தால் சேறு. அதில்தான் ஆடினோம்.

நான் லிஃப்டர். பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பது என் வேலை. அடிப்பது அவள் வேலை. அவள் என்றால், மேலே தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளிலிருந்து வந்த பெண். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பஜாரில் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள், அவள் பிறந்ததே இங்கே என்றாலும். குழுவில் எல்லோரையும்விட உயரம். நான் பந்தை எங்கே தூக்குவேன் என்று என் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். எனக்கும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினால்கூட அவள் கை இருக்கும் உயரத்துக்குத்தான் பந்து போகும்.

எங்கள் இரண்டு பேரையும் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு ஊட்டிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தேர்வானால் கீழே சமவெளியில் தங்கி, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். எனக்கு அது ஒரு பெருமை, அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் கடை இருக்கிறது. அவளுக்கு அப்படி இல்லை. இந்த வருடம் கிடைக்காவிட்டால் தோட்டத்தில் பேர் பதிந்துவிடுவேன் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். பேர் பதிவது என்றால் கொழுந்து பறிக்கச் சேர்வது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் இல்லை, பந்தும் இல்லை.

அவள் தண்ணீரே குடிக்க மாட்டாள். அரைமணி நேரம் குதித்து ஆடி நாங்கள் எல்லோரும் குழாயில் வாய் வைத்துக் குடிக்கும்போது அவள் ஓரமாக நின்று முகத்தை மட்டும் கழுவிக்கொள்வாள். கேட்டால் தாகமில்லை என்பாள். தாகமில்லாமல் என்ன. பூங்காவில் இருந்த பழைய கழிப்பறைக்குக் கதவு இல்லை. உள்ளே உடைந்த பாட்டில்கள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது. லயத்துக்குப் போகும் பஸ் ஆறு மணிக்குத்தான், போய்ச் சேர ஒரு மணி நேரம். காலையில் வீட்டை விட்டு வந்தால் திரும்பப் போகும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். குடிக்காமல் இருந்தால் அடக்குவது சுலபம். கொழுந்துக்காட்டில் அவள் அம்மாவும் மற்றப் பெண்களும் அப்படித்தான் நாள் முழுக்க இருந்தார்கள். மகளுக்கும் அதையே பழக்கியிருந்தார்கள்.

எனக்கு அந்தச் சிரமம் இல்லை. எங்கள் வீடு கடைக்கு மேலே. ஐந்து நிமிடத்தில் ஓடிப்போய் வந்துவிடுவேன். அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் அம்மா லயத்துப் பிள்ளைகளை வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்புவாள். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆகையால் நான் கூப்பிட்டதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை.

அந்த வருடம்தான் பூங்காவுக்கு விடிவு வந்தது. இரும்புக் கம்பம் நட்டார்கள், புது வலை கட்டினார்கள், தரையைச் சமப்படுத்திச் செம்மண் போட்டு உருளை ஓட்டினார்கள். மூலையில் பெண்கள் கழிப்பறை எழும்பியது. நீலக் கதவு, வெள்ளை ஓடு, கூரை மேல் தண்ணீர்த் தொட்டி. ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அப்பா பூங்கா கமிட்டியின் செயலாளர். ஒரு பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. அதுவரை கழிப்பறையைப் பூட்டி, பூட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாவியைக் கொண்டுவந்து கடை ஆணியில் மாட்டினார் அப்பா. ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் அதில் யாராவது கால் வைத்தால் விழாவுக்கே மரியாதை இல்லை என்பது கமிட்டியின் முடிவு. ஆடுகளத்துக்குக் கதவு இல்லாததால் அதைப் பூட்ட முடியவில்லை. நாங்கள் ஆடினோம்.

விழா தள்ளிப்போனது. முதலில் மண்சரிவு, அதிகாரியின் ஜீப் வர முடியவில்லை. அடுத்து வைத்த நாளில் அவருக்கு வேறு எங்கோ கூட்டம். அப்புறம் தேர்தல் வந்துவிட்டது, அது முடியும்வரை எந்த விழாவும் கூடாது என்றார்கள். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. அப்பா போய் மறுபடியும் வைத்தார்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். ஒருநாள் நல்ல மழை. அப்பா சரக்கு எடுக்கக் குன்னூர் போயிருந்தார். எனக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை, வீட்டுக்குப் படியேறச் சோம்பல். சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன். ஓடுகள் பளிச்சென்று இருந்தன. குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. காரியத்தை முடித்து, தரையைக் கழுவிவிட்டு, கதவைப் பூட்டித் திரும்பினால் அவள் எதிரே மரத்தடியில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள்.

மறுநாள் ஆட்டம் முடிந்ததும் கேட்டாள்.

"அந்தச் சாவி எங்க இருக்கும்?"

"கடையில. எங்கப்பாகிட்ட கேளு, குடுப்பாரு."

"உங்கப்பாகிட்டயா?"

"வேற யாருகிட்ட?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். நான் வீட்டுக்குப் போய், பின்பக்கப் படி வழியாகக் கடைக்குள் இறங்கினேன். சற்று நேரத்தில் அவள் வந்து கடை முன்னால் நின்றாள். வாசல் பெஞ்சில் வழக்கம்போல ஐந்தாறு ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டும் பீடி குடித்துக்கொண்டும் இருந்தார்கள். எல்லோரும் ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவள் ஆணியைப் பார்த்தாள்.

"என்ன வேணும் புள்ள?" என்றார் அப்பா.

நான் சர்க்கரை மூட்டைகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று அந்தக் கடையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இரண்டு அடி முன்னால் வந்து, "அப்பா, அந்தச் சாவியைக் குடுங்க" என்று சொன்னால் போதும். சொன்னால், உனக்கு ஏன் இந்த அக்கறை, நீ அதைத் திறந்தாயா என்று கேட்பார். அந்தப் பயம் ஒன்றுதான். வேறு காரணம் எதையும் இத்தனை வருடமாகத் தேடியும் கிடைக்கவில்லை.

"தீப்பெட்டி ஒண்ணு," என்றாள் அவள். வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. விழா நாளும் வரவில்லை. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. குளிர்க் காய்ச்சல், இடுப்பு வலி, நிமிர முடியவில்லை என்று லயத்திலிருந்து வந்த பெண்கள் சொன்னார்கள். குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறிவிட்டது என்றாராம் டாக்டர். இந்தப் பெண் தண்ணீரே குடிப்பதில்லையா, ஒன்றுக்கு அடக்கி அடக்கி வைக்கிறாளா என்று கேட்டாராம்.

ஊட்டித் தேர்வுக்கு நான் மட்டும் போனேன். யாரோ ஒரு பெண்ணுக்கு நான் தூக்கிக் கொடுக்க வேண்டும். நான் தூக்கிய பந்தெல்லாம் அந்தப் பெண்ணின் கைக்கு அரையடி மேலே போனது. ஊரில் அவளுக்குத் தூக்கிய உயரத்துக்கே தூக்கிக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்கள். அந்த மைதானத்தில் பெண்கள் கழிப்பறை சும்மா திறந்துகிடந்தது. காவலும் இல்லை, பூட்டும் இல்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். தேர்வாகவில்லை என்பதற்காக அழவில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி லயத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் அவள் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சாவியையும் ஆணியிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாமலே. அவள் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் ஒடுங்கிப்போயிருந்தது. அவள் அம்மா அடுப்பு மூட்டி எனக்குப் பிளேன்டீ போட்டார். அடுப்பு மேட்டில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. எல்லாக் கடையிலும் விற்கிற தீப்பெட்டிதான். எனக்கு அது எங்கள் கடையுடையதாகவே தெரிந்தது.

"எல்லாம் நான் செஞ்சதுதான் மகள்," என்றார் அந்த அம்மா. "போற எடத்துல தண்ணி குடிக்காத, குடிக்காதன்னு நாந்தான் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். கொழுந்துக்காட்டுல நாங்க அப்படித்தான இருக்கோம். இந்தப் பிள்ளைக்கி இப்பிடி ஆகுமின்னு எனக்கு என்னா தெரியும்?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் ஊற்ற ஊற்ற மூன்று டம்ளர் பிளேன்டீ குடித்தேன். குளிர் வேறு. கொஞ்ச நேரத்தில் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. லயத்துக் கழிப்பறை இடிந்து கிடப்பதை வரும்போதே பார்த்திருந்தேன். கீழே போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. காலை மாற்றி மாற்றி உட்கார்ந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, மூலையில் இருந்த குடையை எடுத்தாள்.

"வா," என்றாள்.

லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தைக் காட்டிவிட்டு, பாதைப் பக்கம் குடையை விரித்து மறைத்து, எனக்கு முதுகு காட்டி நின்றாள். "நான் பாத்துக்கிறேன். அட்டை இருக்கும், சீக்கிரம் வா."

நான் உட்கார்ந்தபடியே அவள் முதுகைப் பார்த்தேன். கம்பளிக்கு மேலே தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்.

"சாவி எங்க கடையிலதான் இருந்துச்சு, நான் பேசாம இருந்துட்டேன்னு உங்கம்மாகிட்ட ஏன் சொல்லல?"

குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள். "சொன்னா அந்தப் பூங்காப் பக்கமே விட மாட்டாங்க. அடுத்த வருசமாவது வெளையாட வேணாமா?"

பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். "அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றேன். அவள் சாவியை வாங்கவில்லை. "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் வர்றப்ப அது பூட்டியிருக்கக் கூடாது. அவ்வளவுதான்," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் நானே போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு, சாவியைப் பூங்காவுக்குக் கீழே ஓடும் ஓடையில் போட்டேன். அப்பா அடித்தார். எதற்கென்று கேட்டு அடித்தார், நான் சொல்லவில்லை. கமிட்டி வேறு பூட்டு வாங்கி மாட்டியது. பிறகு ஒருவழியாக விழாவும் நடந்தது, ரிப்பனும் வெட்டினார்கள், அப்பாவுக்குச் சால்வை போட்டார்கள். விழா முடிந்ததும், கண்டவர்களும் வந்து நாசம் செய்துவிடுவார்கள் என்று அந்த நீலக் கதவைத் திரும்பவும் பூட்டினார்கள். வேண்டும் என்கிறவர்கள் கடையில் சாவி கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று போர்டு எழுதி வைத்தார்கள். அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கடையில் வந்து எந்தப் பெண்ணும் கேட்கவில்லை. யாருமே உபயோகிக்காததால் அது வெகுநாள் புதிதாகவே இருந்தது. கமிட்டிக்கு அதில் பெருமை.

அவள் வரவேயில்லை. பல மாதம் குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வைகாசியில் அவள் அம்மா பேர் பதிந்துவிட்டார். பிறகு மஞ்சூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அந்த அம்மா போன வருடம் காலமானார். கடைசிவரை தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பார். அவரிடம் நான் சொல்லவே இல்லை.

நேற்று ஓவர்சியர் மறுபடியும் வந்தார். "யோசிச்சீங்களாக்கா?"

"யோசிச்சனுங்க. கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளாப் போடுங்க. வெளிப்பக்கம் பூட்டு மாட்டற கொண்டியே வேண்டாமுங்க."

"அதெப்படீங்கக்கா? கண்டவங்களும் வருவாங்களே."

"வரட்டுமுங்க," என்றேன்.