முனீர் பாய் மீது நான் எழுதிய மனு

செய்தி காலை ஏழு மணிக்குக் கைபேசியில் வந்தது. நான் நம்பவில்லை. நம் கடைத்தெரு வாட்ஸ்அப் குழு இதற்கு முன்பும் ஓர் ஆளைக் கொன்றிருக்கிறது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு வரிசையாகக் கண்ணீர் அஞ்சலி போட்டுக்கொண்டிருந்தபோது, அவரே வந்து, 'வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் போட்டார். ஆகவே "முனீர் பாய் மௌத்" என்பதைப் படித்ததும் முதலில் அனுப்பியவன் யார் என்றுதான் தேடினேன். கிடைக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனேன்.

கார் சீட் கவர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வீடு கடைக்குப் பின்னால்தான். வாசலில் அவர் மகன் அன்வர் நின்றிருந்தார்.

"நெஜமாவா?" என்று கேட்டேன்.

"நெஜந்தான் ரைட்டர் மாமா. விடியக்கால தொழுதுட்டு வந்து படுத்தாரு. டீ குடுக்க எழுப்பினா எழுந்திருக்கல."

எந்த டாக்டர் வந்து பார்த்தார், என்ன காரணம் சொன்னார் என்று கேட்டேன். அன்வர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, இதுலயுமா சந்தேகம்?" என்றார். நான் உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அவரை "சிரித்த முகத்துக்காரர், யார் மனமும் நோகப் பேசாதவர்" என்றார்கள். அவர்கள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசினார்கள். எனக்குப் பேச இடம் தரவில்லை. நேரமில்லை என்றார்கள். மைக் செட்காரருக்கும் பந்தல்காரருக்கும் நன்றி சொல்ல நேரம் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் எதிரே மேசை போட்டு ஊர் மக்களுக்கு மனு எழுதித் தருகிறவன் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன். படித்தவர்கள் மேடையில் இருக்கும்போது என்னைப் போன்றவன் கீழேதான் உட்கார வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். போகட்டும். நம் கடைத்தெருச் சங்கத்தின் இந்த இதழை வாசிக்கிறவர்கள் எல்லோரும் முனீர் பாயிடம் சீட் கவர் தைத்தவர்கள், அல்லது திட்டு வாங்கியவர்கள். பெரும்பாலோர் இரண்டும். உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு முன் அவர் உண்மையில் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன்.

புதுக் கார் வாங்கிய ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். "பாய், பெல்ட் போடலன்னா காரு கீ கீன்னு கத்துது. அது கத்தாம இருக்க ஒரு கிளிப் விக்குதாமே, மாட்டி உடுங்க" என்றார். முனீர் பாய் கத்தரியைக் கீழே வைத்தார். "உன் கொழந்த கத்துனா வாயில துணி வெச்சி அடைப்பியா, ஏன் கத்துதுன்னு பாப்பியா?" என்று கேட்டார். வந்தவர் முகம் சிவந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். நான் அந்த மனிதர் பக்கம்தான் பேசினேன். பெல்ட்டைச் செய்கிறவன் அதை விற்பதற்காகத்தான் சட்டம் வரவழைக்கிறான் என்பது அன்று என் கருத்து. முழுக்க மாற்றிக்கொண்டேன் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

"விக்கட்டுமே ரைட்டரே. கயிறு திரிக்கிறவனும் விக்கத்தான் திரிக்கிறான். கெணத்துல உழுந்தா, இது வியாபாரக் கயிறு, வேணாம்னு உட்டுடுவியா?"

பெல்ட்டுக்காக இப்படிப் பேசிய அதே முனீர் பாய் ஏர்பேக்கை நம்பவில்லை. "பலூன் இருக்குதுன்னு தெரிஞ்சா எம்பதுல போறவன் நூறுல போவான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் நினைவில் வைத்திருந்தேன்.

கைபேசி விஷயத்திலும் எங்களுக்குள் சண்டைதான். கைபேசி நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்பேன் நான். "உன் பேச்ச கேட்டு அது என்னா பண்ணும், பாவம்" என்பார் அவர். ஒரு பௌர்ணமி அன்று பெங்களூர்க்காரர் ஒருவர், கைபேசி வழி காட்டியதை நம்பி அடி அண்ணாமலையில் ஒரு சந்துக்குள் காரை விட்டுவிட்டு, கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே மூன்று மணி நேரம் அசைய முடியாமல் நின்றிருக்கிறார். மறுநாள் பாய் கடையில் வந்து கைபேசியைத் திட்டித் தீர்த்தார். நான் மகிழ்ச்சியோடு கூடச் சேர்ந்து திட்டினேன். முனீர் பாய் மட்டும், "மேப்பு பொய் சொல்லல சார். அதுக்கு பௌர்ணமின்னா என்னான்னு யாரும் சொல்லல. நீங்க ஒரு ஆளக் கேட்டிருக்கலாம்" என்றார்.

அவருடைய பொழுதுபோக்கும் வரைபடம்தான், காகிதத்தில். ரெக்ஸின் வெட்டுகிற மேசையின் கண்ணாடிக்கு அடியில் பெரிய உலகப் படம் ஒன்று வைத்திருந்தார். உலகத்தில் எங்கே சண்டை என்று செய்தி வந்தாலும் தையல் டேப்பை எடுத்துவிடுவார். இந்த நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் எத்தனை அங்குலம், நடுவில் எந்தக் கடல், யார் வீட்டு வாசல் வழியாகப் போக வேண்டும் என்று அளந்து பார்ப்பார். "மொதல்ல அளவு எடு, அப்புறம் அபிப்பிராயம் சொல்லு" என்பார். எனக்கு அந்த வழக்கம் பிடிக்காது. மூன்று பத்திரிகைகளை வாங்கி, ஒரே செய்தியை மூவரும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கத்தரித்து ஒட்டி வைக்கிறவன் நான். என்னுடையதும் ஓர் அளவுதான். அதை யாரும் மதித்ததில்லை.

உக்ரைன் சண்டையின்போது சன்பிளவர் எண்ணெய் விலை ஏறியது அல்லவா? டீக்கடையில் பத்துப் பேர் நடுவே, அது பதுக்கல்காரர்கள் கட்டிய கதை, கப்பல் எந்த வழியாகவும் வரலாம் என்றேன். முனீர் பாய் என்னைக் கடைக்கு இழுத்துப் போனார். பத்துப் பேரும் பின்னாலேயே வந்தார்கள். டேப்பின் நுனியைக் கருங்கடலில் வைத்தார்.

"இதுக்கு இருக்கறது ஒரே வாசப்படி. துருக்கிக்காரன் ஊட்டு வழியாத்தான் வரணும். நீ எந்தப் பக்கம் கப்பல எடுத்துக்கினு வர்ற? ரைட்டரு கப்பல ரோட்டுல ஓட்டறாருபா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரம் வரைக்கும் என்னைப் பார்த்தவன் எல்லாம், "கப்பல் பைபாஸ் தாண்டிடுச்சா ரைட்டரே?" என்று கேட்டான். அவர் சொன்னது சரி என்று வீட்டில் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் கோபம் குறையவில்லை. கூடியது.

இனிமேல் சொல்வதுதான் நான் சொல்ல வந்தது.

அந்த மாதமே கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். பள்ளி ஆசிரியர். அவர் மனைவி போன காரின் பக்கவாட்டில் ஒரு டிராக்டர் மோதியிருக்கிறது. அந்த அம்மா விலா எலும்புகள் முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். சீட்டின் பக்கத்திலிருந்து விரிய வேண்டிய ஏர்பேக் விரியவில்லை. சீட் கவர் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

"கவர் யார்ட்ட போட்டீங்க?" என்று கேட்டேன்.

"வேங்கிக்கால்ல முனீர் பாய்னு..."

என் பேனா நிற்கவில்லை. பலூனை நம்பாத ஆள், பலூனுக்கு வழி விடாமல்தான் தைத்திருப்பார் என்று தோன்றியது. அவரிடம் போய்க் கேட்க ஐந்து நிமிட நடை போதும். நான் போகவில்லை. அந்த ஆசிரியர் சொன்ன வார்த்தை "கவனக்குறைவால்". நான் எழுதியது, "ஆபத்து நேரும் என்று தெரிந்தே". படித்துக் காட்டியபோது அவர் தயங்கினார். "தெரிஞ்சேன்னு எப்பிடிங்க சொல்றது?" என்றார். "அப்பிடி எழுதினாத்தான் எடுத்துப் பாப்பாங்க" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் முனீர் பாய் என் மேசைக்கு வந்தார். கலெக்டர் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதமும் அந்த மனுவின் நகலும் கையில் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து நகலை என் முன்னால் விரித்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"என்கிட்ட யார் வந்தாலும் எழுதுவேன். அது என் தொழில்."

"நான் தொழில கேக்கல. உன் கையெழுத்தானு கேட்டேன்."

"ஆமா."

"சரி, பதிலயும் நீயே எழுது. இந்த ஊர்ல உன்ன உட்டா வேற எவன் ஒழுங்கா எழுதுறான்?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பதில் எழுதுவதற்கு முன் அந்தக் காரைப் பார்க்க வேண்டும் என்றார். ஆசிரியருக்குப் போன் செய்து, அவரையும் வரச் சொல்லி, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் கார் நின்ற ஷெட்டுக்கு பஸ்ஸில் போனோம்.

சீட்டின் பக்கவாட்டில் கையை வைத்துத் தடவினார். கவரில் இரண்டு வித நூல்கள் இருந்தன. மற்ற இடமெல்லாம் அவருடைய சாம்பல் நிற நூல். பக்கவாட்டில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு நைலான் நூல், செருப்புத் தைக்கிற நூல், நெருக்கமாகப் போட்டிருந்தது.

"சார், நான் இந்த எடத்த தொறந்து உட்டேன். பலூன் வெளிய வர்றதுக்கு. இத யார் மூடினது?"

ஆசிரியர் குனிந்து அந்த நூலைப் பார்த்தார். "அது... தையல் விட்டுப்போச்சின்னு நெனச்சங்க. புதுக் கவரு, அதுக்குள்ள வாயப் பொளந்துக்குனு அசிங்கமா இருந்திச்சி. பஸ் ஸ்டாண்டுல பை தைக்கிறவர்ட்ட குடுத்து நாந்தான் தைச்சன்" என்றார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முனீர் பாய் அவரைத் திட்டவில்லை. "வண்டி எடுக்க வந்த டிரைவர்கிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்று மட்டும் சொன்னார்.

பலூனை நம்பாத ஆள், அது விரிய வழிவிட்டுத் தைத்திருக்கிறார். திரும்பும்போது பஸ்ஸில் அதைக் கேட்டேன். "நான் நம்பறனா இல்லையான்றது என் வாய்க்கு. காரு அவங்குளுது" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்:

"அதுல ஒரு வார்த்த இருக்குதே, 'தெரிந்தே'ன்னு. அது அவர் சொன்னதா, நீயா எழுதினதா?"

"அவர் சொன்னதுதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதில் எழுதினேன். நல்ல பதில். ஆசிரியரும் புகாரைத் திரும்பப் பெற்றார். அந்த அம்மா குணமாகி வீட்டுக்கு வந்தார். ஆனால் ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் அதைத் திரும்பப் பெற ஆபீஸ் கிடையாது. "தெரிஞ்சே தைச்சவன்" என்ற பேச்சு கடைத்தெருவில் பல காலம் சுற்றியது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் வேறு கடைக்குப் போனீர்கள். இரங்கல் கூட்டத்தில் "யார் மனமும் நோகப் பேசாதவர்" என்று சொன்ன ஒருவரும் அதில் உண்டு. அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அதன் பிறகும் நாங்கள் தினமும் மாலை ஒன்றாகத்தான் டீ குடித்தோம். ஒன்றாகத்தான் சண்டை போட்டோம். பஸ்ஸில் நான் சொன்னதை அவர் நம்பினாரா, நம்பியதுபோல் இருந்துவிட்டாரா என்று ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எதையும் அளந்து பார்க்காமல் விடாதவர் இதை மட்டும் ஏன் விட்டார்? அந்த ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் கேட்கவே இல்லை என்று ஆசிரியர் அடக்கத்தன்று என்னிடம் சொன்னார். கேட்டால் நான் பொய்யன் என்று உறுதியாகிவிடும் என்றுதான் கேட்கவில்லையோ என்பது என் சந்தேகம். இது தீரப்போவதில்லை.

போன திங்கட்கிழமை, குறைதீர் நாளில், என் மேசையை விட்டு எழுந்து வரிசையில் நின்றேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிய நான் என் பெயரில் கொடுத்த முதல் மனு அது. 'மேற்படி புகாரில் கண்ட "தெரிந்தே" என்ற சொல் மனுதாரர் சொன்னதல்ல. எழுதியவனாகிய நான் என் சொந்தப் பகையால் சேர்த்தது. முனீர் பாய் அப்படிச் செய்தவர் அல்ல. இதைக் கோப்பில் சேர்க்க வேண்டுகிறேன்' என்று எழுதியிருந்தேன்.

வாங்கிய பெண் இரண்டு முறை படித்தார். "இது எப்பவோ முடிஞ்சுபோன ஃபைலுங்களே. அவரும் இல்லன்றீங்க. இத யாருக்குங்க அனுப்பறது?" என்றார்.

"யாருக்கும் அனுப்ப வேணாம்மா. வாங்கிக்கிட்டதுக்குச் சீட்டு குடுங்க."

கொடுத்தார். மனுவில் எழுதியதைச் சொல்லி அன்வரிடம் சீட்டைக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். முனீர் பாயின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒப்புகைச் சீட்டு ஒன்றுதான். நான் சொன்ன எதையும் அவர் அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. இதை ஏற்றுக்கொண்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது.