டீசல் குறைந்த மாதம்

எங்கள் ஊருக்குப் புறவழிச் சாலை போட்டபோது, அதனால் எவ்வளவு கரிப்புகை காற்றில் சேர்கிறது என்று கணக்கெடுக்க ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். வெட்டப்போகும் மரங்களின் சுற்றளவை நெஞ்சுயரத்தில் அளப்பார். சாலைக்கு அடியில் போகப்போகும் வயல்களின் மண்ணைப் பொட்டலம் கட்டுவார். மரமும் மண்ணும் தேக்கிவைத்த கரியும் காற்றில் போய்ச் சேருமாம். லாரிகள் குடித்த டீசலைக் குறித்துக்கொள்வார். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கப் போனேன். புளியமரம் நூற்றுப் பதினைந்து என்றார். பதினாறு என்று சொல்லித் திரும்ப எண்ணவைத்தேன்.

ஒருநாள் சந்தோஷமாக வந்தார்.

"சார், போன மாசம் டீசல் பாதியா குறைஞ்சிருக்கு. புகையும் குறைஞ்சிருக்கும்."

எனக்குக் கணக்கு இடித்தது. சாலை மேடு முன்போலவே உயர்ந்துகொண்டிருந்தது. மண் குறையவில்லை என்றால் தூரம்தான் குறைந்திருக்க வேண்டும். மண் வரவேண்டியதோ ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கும் குவாரியிலிருந்து.

மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்தேன். பின்பக்கம் மயில் வரைந்த லாரி ஒன்று மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது. நான் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் அதே மயில் மண்ணோடு திரும்பி வந்தது.

டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு நானும் பொறியாளரும் நடந்தோம். அது திருவாலங்காடு பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரின் ஏரிக்குள் இறங்கியது. ஏரி காய்ந்து கிடந்தது. வேலிகாத்தான் புதருக்குப் பின்னால், கரையின் உள்பக்க அடிவாரத்தையே ஒட்டி, லாரி மூழ்கும் ஆழத்துக்குக் குழி. கரைக்கு அந்தப் பக்கம், நேர் கீழே, அக்கா வீடு. அக்காவுக்கு நடமாட்டம் இல்லை.

"இந்தக் குழியால போன கரியையும் நான் எழுதிடுவேன் சார்," என்றார் பொறியாளர். "கரைக்கு என்ன ஆகும்னு எழுத என் கணக்குல இடமே இல்ல."

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இருவரும் சொன்னோம். பார்க்கிறோம் என்றார்கள். ஐப்பசி மழை முந்திக்கொண்டது.

பல வருடமாக நிரம்பாத ஏரி அந்த மழையில் நிரம்பியது. உபரித் தண்ணீர் வழியும் இடத்தைக் கோடி என்போம். கோடியில் தண்ணீர் போகும் அன்று ஆடு வெட்டிப் பூசை போடுவது அந்த ஊர் வழக்கம். அரக்கோணத்தில் வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வரமுடியும். தண்ணீரோ புதன்கிழமையே விளிம்பைத் தொட்டுவிட்டது. அதுவரை வழியாமல் இருக்க, கோடிமேல் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கேள்விப்பட்டதும் ஓடினேன். அக்கா புருஷன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாவா, அக்காவை அழைச்சிக்கினு என் வீட்டுக்கு வந்துடுங்க."

"இன்னாடா மச்சான், புளியமரம் முடிஞ்சிபோச்சா? ஏரித் தண்ணிய எண்ண வந்துட்டியா?"

"கரைக்கு அடியில தோண்டி வச்சிருக்கானுங்க. மூட்டைய எடுக்கச் சொல்லுங்க."

"ஆங், நீயே போய்ச் சொல்லு. ஆட்டுக்குப் பதிலா உன்னைய வெட்டுவானுங்க."

உள்ளே கட்டிலிலிருந்து அக்கா சிரித்தாள். "அவன் சின்னதுலயே இட்லிய எண்ணிட்டுதான் வாயில வைப்பான்."

வீட்டின் பின்னால், கரையின் அடியில், விரல் தடிமனுக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"ஊத்துடா. கிணறு ஊறும், நல்லதுதான்," என்றார் பாவா.

கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் படிக்கட்டில் வைத்தேன். தெளிவாக இருந்தால் வெறும் கசிவு. மண் இருந்தால் கரையே உள்ளுக்குள் கரைந்து வருகிறது என்று அர்த்தம். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் மெல்லிய செம்மண் படிந்தது. பாவா அதைக் கொட்டிவிட்டு, கழுவி, தானே மறுபடி பிடித்து வந்தார். இந்த முறை இன்னும் தடிமனாகப் படிந்தது.

பாவா பீடியை எறிந்துவிட்டுப் போய் எருமையை அவிழ்த்துவிட்டார்.

"ஆட்டோவுக்குச் சொல்லுடா," என்றார். "அவளைத் தூக்க ஒரு ஆளும் வேணும்."

நான் போனை எடுத்தபோது கரைமேலிருந்து உற்சாகமாக ஒரு குரல் கேட்டது.

"இன்னும் ரெண்டு மூட்டை எடுத்தாங்கடா!"